பார்சல் கடையில் பார்சல் வாங்காதீர்கள்

மடிப்பாக்கத்தில் எங்கள் தெரு முடிந்து இடது பக்கம் திரும்பினால் ஒரு மருந்துக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, அதற்கு அடுத்தது இந்த சைனீஸ் கடை. பெயரைப் போட்டு எழுதப் போவதில்லை, ஏனென்றால் குறையும் சொல்லப் போகிறேன். தவிர, போர்டில் பெயரை விட டிராகன்தான் பெரிசு. அதுவும் வெயிலில் காய்ந்து, மீசையும் தீயும் உரிந்து, இப்போது பார்த்தால் சாட்சாத் பல்லி. தெருவில் எல்லோரும் பல்லிக்கடை என்றே சொல்கிறோம். சாப்பாட்டுக் கடைக்கு இதை விட மோசமான பெயர் அமையாது, ஆனாலும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போனால் நிற்க இடம் இருக்காது.

பத்துக்குப் பத்து இடம். வாசலிலேயே அடுப்பு, பக்கத்தில் நீல நிற கமர்ஷியல் சிலிண்டர், பின்னால் ஒரு ஃப்ரிட்ஜ், நின்று சாப்பிட ஒரு ஸ்டீல் மேசை, அடுக்கி வைத்த நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அந்த நாற்காலிகளில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை, பெரும்பாலும் கடைப் பையனின் பைதான் உட்கார்ந்திருக்கும். வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் பார்சல். நானும் ஆறு வருஷமாக வாடிக்கை, அதில் ஐந்து வருஷம் பார்சல் மட்டும்தான். வீட்டில் வந்து பிரித்து, ‘பரவாயில்லை, பசிக்கு ஆகும்’ என்று சாப்பிட்டு முடிப்போம். அதற்கு மேல் ஒரு அபிப்பிராயமும் கிடையாது.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டேன். மழை விடுகிற மாதிரி இல்லை, கையில் குடையும் இல்லை, சரி இங்கேயே போடுங்கள் என்று ஒரு எக் ரைஸ் சொன்னேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, ஐந்து வருஷமாக இந்தக் கடைச் சாப்பாட்டை நான் சாப்பிடவே இல்லை, அதன் ஆறிப்போன மிச்சத்தைத்தான் சாப்பிட்டிருக்கிறேன் என்று.

மாஸ்டர் டார்ஜிலிங் பக்கத்துக்காரர், ஒல்லியான ஆள். அடுப்பைத் திறந்தால் பஸ் எஞ்சின் மாதிரி ஒரு இரைச்சல். கடாய் புகை விட ஆரம்பித்ததும் எண்ணெய், உடனே முட்டை, அது பொங்கி எழும்போதே கோஸ், கேரட், பீன்ஸ், இரண்டு சுற்று, அப்புறம் சோறு. ஒரு குத்துக் கரண்டியை வைத்துக்கொண்டே உப்பு, வெள்ளை மிளகுத்தூள், சோயா சாஸ் எல்லாவற்றையும் டப்பாவிலிருந்து கரண்டி நுனியால் தொட்டுத் தொட்டு எடுக்கிறார், ஒரு தடவை கூட ஸ்பூனைத் தேடவில்லை. கடாயைத் தூக்கி வீசும்போது சோறு தீக்கு மேலே போய் இறங்குகிறது, சோயா சாஸ் கடாயின் ஓரத்தில் பட்டு ‘சுர்’ என்று கருகுகிறது. அந்தக் கருகல் வாசனைதான் விஷயமே. கடைசியில் ஒரு பிடி வெங்காயத்தாள். மொத்தம் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். தட்டில் விழுந்த சோறு ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக இருந்தது, கோஸ் கடித்தால் நறுக்கென்றது, முட்டையின் ஓரம் மொறுமொறு.

இதே ஐட்டம் சில்வர் டப்பாவில் போய் மூடி போட்டால் என்ன ஆகும்? சூடு வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே ஆவியாகி, அந்த ஆவி மூடியில் தண்ணீராகக் கோர்த்து, திரும்பச் சோற்றின் மேலேயே சொட்டும். எங்கள் வீட்டுக்கு ஏழு நிமிஷ நடை. அதற்குள் கோஸ் துவண்டுவிடும், சோறு ஒட்டிக்கொள்ளும், அந்தக் கருகல் வாசனை இருந்த இடம் தெரியாது. ஆப்பில் ஆர்டர் போட்டால் இன்னும் மோசம். ஒரு தடவை நாற்பது நிமிஷம் கழித்து வந்த கோபி மஞ்சூரியனை என் தங்கை கேசரி என்று நினைத்து வாயில் போட்டாள். அதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது, டெலிவரிப் பையனையும் சொல்ல முடியாது. அந்தப் பண்டத்தின் ஆயுசு அவ்வளவுதான். ஆனால் ஆப்பில் விலையும் கூடுதல், டப்பாவுக்குத் தனிக் காசு, சாமானும் பாழ் என்றால் எதற்கு?

இன்னொன்று: கூட்டம் முட்டும் நேரத்தில் போகாதீர்கள். அந்தக் கடாய் இரண்டு பிளேட்டுக்கான கடாய். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஐந்து பிளேட்டை ஒரே ஈடாகப் போடுகிறார். அவ்வளவு சோற்றைக் கொட்டினால் கடாயின் சூடு இறங்கிவிடும், வறுபடுவதற்குப் பதில் வேகும். ஆறு, ஆறரைக்குப் போய் ஒற்றை பிளேட் சொல்லுங்கள். வித்தியாசம் வாயில் தெரியும்.

சோறு பழசா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. ஒரு நாள் மூன்றரை மணிக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது பார்த்தேன், அப்போதுதான் பாசுமதியை முக்கால் பதத்தில் வடித்து, அகலமான டிரேயில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே ஆற விட்டிருந்தார்கள். மேல் ஈரம் உலர்ந்தால்தான் பருக்கை உதிரும். ஆறியதும் ஃப்ரிட்ஜுக்குள் போனதையும் அங்கேயே நின்று பார்த்தேன், ஜெராக்ஸ்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இது சின்ன விஷயம் இல்லை. வடித்த சோறு வெளியிலேயே மணிக்கணக்கில் கிடந்தால் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி அதில் பெருகும், அது விடுகிற நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டு வாந்தி எடுத்தவர்கள் அஜினோமோட்டோவைத்தான் திட்டுவார்கள், பல நேரம் குற்றவாளி இந்தச் சோறுதான். அஜினோமோட்டோ பாவம், அதில் இருப்பது 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இக்கேடா கொம்பு என்கிற கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட் என்ற சுவைப் பொருள், அதேதான் நம் தக்காளியிலும் இருக்கிறது. இங்கே போடுகிறார்களா என்றால், போடுகிறார்கள், கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறார்கள். நான் போடச் சொல்வேன்.

கோபி மஞ்சூரியனுக்கு வருகிறேன். சீனாவின் மஞ்சூரியாவில் இந்த ஐட்டத்தைக் கேட்டால் முழிப்பார்கள். கல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங் 1975-ல் பம்பாயில் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியா சமையலறையில் செய்த சிக்கன் மஞ்சூரியன்தான் இதற்கு மூத்தது என்பார்கள். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, நம் ஊர்க் குழம்பு மாதிரி ஆரம்பித்து, கரம் மசாலா போட வேண்டிய இடத்தில் சோயா சாஸை ஊற்றி, சோளமாவைக் கரைத்து விட்டது. அதில் சிக்கனுக்குப் பதில் காலிஃப்ளவரைப் போட்டு நாம் சைவமாக்கிக்கொண்டோம். சீனச் சாப்பாடு சாப்பிடப் போகிறோம் என்ற நினைப்பில் போகாமல், நம் ஊர்ச் சாப்பாடு என்ற நினைப்பில் போனால் இந்தக் கடை ஏமாற்றாது.

ஆனால் கலர். இந்த விஷயத்தில் எனக்கும் கடைக்காரருக்கும் ஒரு சண்டையே நடந்தது. 2024 மார்ச்சில் கர்நாடகத்தில் கோபி மஞ்சூரியனுக்குச் செயற்கைக் கலர் போடக் கூடாது என்று தடை வந்தது. அதற்கு முந்தின மாதம்தான் இங்கே தமிழ்நாட்டில் ரோடமைன் பி என்கிற சாயம் கலந்த பஞ்சுமிட்டாயைத் தடை செய்திருந்தார்கள். நான் அந்தச் செய்தியைப் போனில் காட்டி, “அண்ணாச்சி, உங்க கோபி மட்டும் ஏன் குங்குமம் மாதிரி இருக்கு?” என்றேன். “சார், கலர் இல்லேன்னா வேகலைன்னு திருப்பிக் குடுக்குறாங்க” என்றார். அவர் சொல்வதும் பொய்யில்லை, என் பக்கத்தில் நின்ற ஆளே ‘கொஞ்சம் டல்லா இருக்கே’ என்று தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது முன்னளவு சிவப்பு இல்லை. காஷ்மீரி மிளகாய்த்தூள் என்கிறார். விரலில் ஒட்டுகிறதா என்று நான் இன்னமும் பார்க்கிறேன்.

மற்றவை சுருக்கமாக. சில்லி சிக்கன் நன்றாக இருக்கும், எலும்பில்லாதது கேளுங்கள். நூடுல்ஸ் சுமார், முன்கூட்டியே வேக வைத்து எண்ணெய் தடவி வைப்பதால் சில நாள் கொழகொழ. ஷெஸ்வான் என்று எதைச் சொன்னாலும் ஒரே சிவப்பு பேஸ்ட்தான். சூப் வேண்டாம், சோளமாவுத் தண்ணீர். தக்காளி சாஸ் என்று பிதுக்குகிற அந்தச் சிவப்புத் திரவத்தில் தக்காளி இருப்பதாக யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். கை கழுவ ஒரு பக்கெட்டும் மக்கும்தான், குடிதண்ணீர் நீங்களே கொண்டு போங்கள். பார்சல் வாங்கியே ஆக வேண்டும் என்றால் கோபியை ட்ரையாகவும் கிரேவியைத் தனி டப்பாவிலும் கேளுங்கள், ரைஸ் டப்பாவின் மூடியை ஒரு ஓரம் திறந்தே கொண்டு வாருங்கள்.

போன வாரம் அம்மாவைக் கூட்டிப் போனேன். ரோட்டில் நின்று சாப்பிடுவதா என்று வாசலிலேயே தகராறு. பையனின் பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். மாஸ்டரிடம் காரம் குறைச்சலாக ஒரு வெஜ் ரைஸ் சொன்னேன், அவர் அம்மாவைப் பார்த்துவிட்டு மிளகுத்தூள் டப்பாவைத் தொடவே இல்லை. தட்டு கைக்கு வந்ததும் அம்மா முதல் வாயிலேயே சொல்லிவிட்டார்.

“கோஸ் வேகவே இல்லடா.”

நான் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாய், அதற்கடுத்த வாய். தட்டு காலியாகிற வரைக்கும் அவரும் ஒன்றும் பேசவில்லை. எழுந்து கை கழுவிக்கொண்டே, “அப்பாவுக்கு ஒண்ணு பார்சல் சொல்லு” என்றார்.