காந்தம் ஒட்டவில்லையென்றால் செம்பு என்று நம்பிவிடாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் கம்ப்யூட்டருக்கு வாட்டர் கூலிங் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள், பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 34,000 ரூபாய் கைவிட்டுப் போனது. அதில் பம்ப்பும் மூன்று ஃபேனும் பிழைத்தன.

எனக்குக் கானாடுகாத்தான். பழைய வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிறவர்களுக்கு, வேலை முடிந்தால் வீடு எப்படி இருக்கும் என்று 3டி படம் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. சாதாரண வீடென்றால் ஒரு படம் அரை மணியில் முடியும். நம்மூர் வீடு அப்படியில்லை. ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், மேலேயிருந்து வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள், விழுகிற வெயில், எல்லாம் ஒன்றில் ஒன்று பட்டுத் தெறிக்கும். கணக்குப் போட்டுக் கணக்குப் போட்டே ப்ராசசர் விடியவிடிய நூறு சதவீதம் ஓடும். என்னுடையது இன்டெல் 12700கே. கம்பெனி சொல்கிற அடிப்படைக் கணக்கே 125 வாட், முழு வேகத்தில் 190 வாட் வரை இழுக்கும். சூடு 100 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். போன சித்திரையில் தினமும் தொட்டது.

அதனால்தான் காரைக்குடியில் அந்தக் கடைக்குப் போனேன். கடைப் பெயரை இங்கே போடப்போவதில்லை, புகார் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைத் தம்பி நன்றாகப் பேசினார். "ப்ராசசருக்கு ஃபேன் வச்ச ஏர் கூலர்லாம் எதுக்குண்ணே? தண்ணி போட்டுட்டா ரூமுக்கு ஏசியே வேணாம்" என்றார். அந்த வார்த்தையிலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும். தண்ணீர் சூட்டைச் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கிவைக்கும், அவ்வளவுதான். அறையில் 37 டிகிரி இருந்தால் தண்ணீர் அதற்கு மேலேதான் நிற்கும், கீழே இறங்கவே இறங்காது. அந்தச் சூடும் அறைக்குள்ளேயேதான் சுற்றும்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் படித்துவிட்டுப் போயிருந்தேன். ப்ராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்குகிற பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பு, பித்தளையாக இருக்க வேண்டும், அலுமினியம் கலக்கக் கூடாது. அதைத்தான் கேட்டேன். தம்பி மேசை டிராயரிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, கறுப்புப் பெயின்ட் அடித்த அந்த 360 ரேடியேட்டரின் (மூன்று ஃபேன் மாட்டுகிற நீளம்) மேல் வைத்தார். வழுக்கி விழுந்தது. "பாத்தீங்களா, ஒட்டுதா? சுத்தச் செம்புண்ணே."

நானும் தலையாட்டினேன். பிளஸ் டூவில் கெமிஸ்ட்ரி எடுத்துப் படித்தவன். செம்பில் காந்தம் ஒட்டாது, அலுமினியத்திலும் ஒட்டாது என்பது அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை. அவருக்கு அது தெரியாமல் இருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தெரியாதவர் காந்தத்தைத் தயாராக வைத்திருக்க மாட்டார்.

தை மாதம் மாட்டியாகிவிட்டது. முதல் இரண்டு மாதம் குறை சொல்ல முடியாது, முழு வேலையிலும் 75ஐத் தாண்டவில்லை. பங்குனியில் 85. சித்திரை பிறந்ததும் 97. வெயில்தான் காரணம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு பம்ப் கரகரவென்றது. சிவப்புத் தண்ணீர் வெளுத்து, பழைய ரோஸ்மில்க் மாதிரி ஆனது. அதில் திரிந்த பால் போல வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. கடைக்குப் போன் போட்டால், "கிளீன் பண்ணிக்கங்கண்ணே, அப்படித்தான் இருக்கும்."

முகப்பில் பேப்பரை விரித்துக் கழற்றினேன். பிளாக்குக்குள் செம்பில் முடி முடியாகக் கீறியிருப்பார்கள், அந்தச் சந்துகளில்தான் தண்ணீர் ஓடி சூட்டை வாங்க வேண்டும். அத்தனையும் சுண்ணாம்பு அடைத்தது போல் வெள்ளையாக மூடிக்கிடந்தது. அப்பத்தா வந்து எட்டிப் பார்த்து, "அலுமினியக் குண்டான்ல புளிக் கரைசல வச்சு மறந்துட்ட மாதிரில்ல இருக்கு" என்றது. நான் அப்போதும், இது செம்பு அப்பத்தா என்று வாதம் பண்ணினேன்.

மறுநாள் பழைய இரும்பு எடுக்கிறவர் வந்தார். கடைக்காரர் செம்பு என்றாரே, எவ்வளவு போகும் என்று பார்க்கலாம் என்று ரேடியேட்டரைக் கொடுத்தேன். தராசு எடுக்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. கையில் தூக்கினார். "அலுமினியம்ணே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஒரு நொடி. பிறகு சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 540 கிராம். ஃபிட்டிங் திருகுகிற வாயோரம் கத்தியால் சுரண்டினேன், வெள்ளி நிறம். பித்தளையாக இருந்தால் மஞ்சள் தெரிந்திருக்கும்.

உள்ளே நடந்தது இதுதான். செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நின்றால் அது ஒரு பேட்டரி. செம்பின் மின்னழுத்தம் +0.34 வோல்ட், அலுமினியத்துக்கு −1.66 வோல்ட். இதில் கீழே இருக்கிற அலுமினியம் தன்னைத் தின்னக் கொடுக்கும். அது கரைந்து வெள்ளைப் பொடியாகி, எங்கே சந்து இருக்கிறதோ அங்கே போய் அடையும். கடைசியில் ரேடியேட்டரே பொத்தலாகும். என்னுடையதில் ஓர் ஓரத்தில் ஈரம் கசிய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கீழே இருந்த கிராஃபிக்ஸ் கார்டின் மேல் சொட்டியிருக்கும். அது தனியாக 40,000.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், உலோக அரிப்பைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுகிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருப்பது இதே காரைக்குடியில். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்த இடம். அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் காந்தத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

கடைக்கு நேரில் போனேன். தம்பி முதலில், "கம்பெனி ஏஐஓ எல்லாத்துலயும் அலுமினிய ரேடியேட்டர், செம்பு பிளாக்குதாண்ணே, அது ஓடலையா?" என்றார். ஏஐஓ என்பது பம்ப், பிளாக், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கம்பெனியிலிருந்தே வருகிற செட். உங்களிடமும் இதைச் சொல்வார்கள், பாதி உண்மை. பெரும்பாலான ஏஐஓக்களில் அப்படித்தான். ஆனால் அது தொழிற்சாலையிலேயே அரிப்பைத் தடுக்கிற மருந்து கலந்து அடைத்து மூடியது. அதைத் தவிர வேறு தண்ணீர் உள்ளே போகாது. எனக்கு இவர் ஊற்றியது கடையில் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரும் ஒரு பாட்டில் சிவப்புச் சாயமும். என் கண்ணெதிரேதான் ஊற்றினார். உப்பும் தாதுவும் இருக்கிற தண்ணீரில் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். காரைக்குடியில் பேர்பெற்ற சம்பை ஊற்றுத் தண்ணீர் வாய்க்கு அமிர்தம்தான், அதற்காக பிளாக்குக்குள் ஊற்றலாமா?

அடுத்து, "நீங்கதான் எதையாவது மாத்தி ஊத்தியிருப்பீங்க" என்றார். அதற்கு மேல் அங்கே பேச ஒன்றுமில்லை.

போகிற போக்கில் இன்னொன்றும் தெரிந்தது. பிளாக்கைப் பிடித்திருந்த பிராக்கெட் பழைய 1200 சாக்கெட்டுக்கானது (சாக்கெட் என்பது போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்). அதில் துளைக்குத் துளை 75 மில்லிமீட்டர், என்னுடைய 1700 சாக்கெட்டுக்கு 78. துளையை அரத்தால் ராவி அகலப்படுத்தி மாட்டியிருக்கிறார்கள். 1700இல் ப்ராசசர் முன்பைவிடக் கொஞ்சம் தாழ்வாகவும் உட்காரும். அதனால் பிளாக் சரியாக அழுந்தவே இல்லை, இரண்டுக்கும் நடுவே சூடு கடத்தத் தடவுகிற பேஸ்ட் ஒரு பக்கம் மட்டும் தடமாக இருந்தது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ரேடியேட்டரைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒழுங்கான செம்பு, பித்தளை 360 என்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும், தடிமனானது அதற்கும் மேலே போகும். பெயின்ட்டை நம்பாதீர்கள், துளையின் மரையைப் பாருங்கள். எந்த உலோகம், எந்த சாக்கெட் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். முகத்தைச் சுளித்தால் நடையைக் கட்டுங்கள். எனக்குத் தந்தது எஸ்டிமேட் என்று போட்ட துண்டுச்சீட்டு, அதில் 'வாட்டர் செட் 1' என்று மட்டும் இருந்தது. ஜிஎஸ்டி எண் கிடையாது. நல்லவேளை, பணம் ஜிபேயில் போனது, வாட்ஸ்அப்பில் 'ஃபுல் காப்பர்ணே' என்று அவர் அனுப்பிய மெசேஜும் இருக்கிறது. இரண்டையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுப் புகார் பதிந்திருக்கிறேன். படியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இப்போதைக்கு தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே ஆற்றுகிற, இரண்டு ஃபேன் வைத்த பெரிய டவர் கூலர் ஒன்றை மாட்டியிருக்கிறேன். முழு வேலையில் 88 வருகிறது, பவரைக் கொஞ்சம் இறக்கி வைத்ததில் 80. படம் ஒன்றுக்குச் சில நிமிஷம் கூடுதல், அவ்வளவுதான். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று வீட்டில் எல்லோரும் ஒரு தடவை சொல்லியாகிவிட்டது.

அந்த ரேடியேட்டரைப் பழைய இரும்புக்குப் போடவில்லை, புகாருக்குச் சாட்சியாகத் திண்ணையில் கிடக்கிறது. புதிதாக வாங்கப் போகிறவர்கள் இந்தப் பக்கம் வந்தால், கடைக்குப் போகும் முன் ஒரு தடவை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள்.