நாகைக் கரைக்கு எந்த உயரத் தரவு?

நாகப்பட்டினத்தில் 5 மீட்டர் வரை கடல் ஏறினால் எந்தத் தெரு வரை தண்ணீர் வரும்? இலவச உயரத் தரவுகள் ஒவ்வொன்றும் ஒரு பதில் சொல்லும்.

பழக்கத்தால் பலரும் முதலில் இறக்குவது எஸ்.ஆர்.டி.எம். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. இங்கே இதைத் தொடவே வேண்டாம். உயரம் முழு மீட்டரில்தான் இருக்கும். நாகைபோலத் தட்டையான நிலத்துக்கு அது போதாது. அதைவிட மோசம், ரேடார் சவுக்குத் தோப்பின் தலையில் பட்டுத் திரும்பிவிடும். தோப்பு மணல்மேடாகத் தெரியும், அதன் பின்னால் உள்ள குப்பம் பத்திரமான இடமாக நிறம் பெறும்.

ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் 30 மீட்டர் தரவு (2011–2015இல் அளந்தது) தசமத்தில் வருகிறது, இரைச்சலும் (தாறுமாறான சிறு பிழைகள்) குறைவு. ஆனால் மரமும் கூரையும் அப்படியே இருக்கும். அவற்றைக் கழித்த வடிவம் ஃபேப்டெம். வணிக வேலைக்கு உரிமம் இடம் தராது. நாகைக்கு எங்கள் தேர்வு டெல்டாடிடிஎம்: செயற்கைக்கோள் லேசர் அளவுகளால் திருத்தியது, சராசரிப் பிழை சுமார் அரை மீட்டர். 10 மீட்டருக்குக் கீழான கரையோர நிலம் மட்டுமே அதில் உண்டு. இந்த வேலைக்கு அது தாராளம்.

எதை எடுத்தாலும் ஆற்று முகங்களைக் கையால் திருத்துங்கள். 30 மீட்டர் கட்டத்தில் குறுகிய வாய்க்கால் மறைந்துபோகும், பாலம் அணையாக நிற்கும். பிறகு வரைபடத்தில் கடலோடு தொடர்புள்ள பள்ளங்களை மட்டும் நீரால் நிரப்புங்கள். களத்தில் ஜி.பி.எஸ். வைத்துச் சரிபார்க்கும்போது கடற்கரையிலேயே மைனஸ் 90 மீட்டர் அளவில் காட்டினால் கருவியைச் சந்தேகிக்காதீர்கள். அது நீள்வட்டக உயரம், அதாவது பூமியைச் சீரான நீள்வட்டக வடிவமாகக் கொண்டு அளந்தது; இந்தப் பகுதியில் கடல்மட்டம் அந்த வடிவத்துக்கு அவ்வளவு கீழே இருக்கிறது.

அடுத்து நிலப்போர்வை, அதாவது நிலத்தின்மேல் மரமா, வயலா, கட்டடமா என்ற தரவு. இதற்கு வேர்ல்ட்கவர் (10 மீட்டர், 2021), டைனமிக் வேர்ல்ட் இரண்டும் போட்டி. பின்னது அடிக்கடி புதுப்பிக்கப்படும், ஆனால் அலையாத்திக்குத் தனி வகை இல்லை. பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் உள்ள கரைக்கு அது பெரிய குறை. வேர்ல்ட்கவரில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் அடையாள எண்; அலையாத்திக்கு 95 என்றே எண் உண்டு. கட்ட அளவை மாற்றும்போது ‘அருகிலுள்ள மதிப்பு’ முறையையே தேர்ந்தெடுங்கள். சராசரி எடுத்தால் புதரின் 20-உம் நீரின் 80-உம் கலந்து 50 ஆகும். 50 என்றால் கட்டடம். ஏரிக்கரையில் இல்லாத ஊர் முளைக்கும்.

இந்த வகைகளை உராய்வு எண்ணாக (ஓடும் நீரை நிலம் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) மாற்றுவது அலையைக் கணிக்கும் மாதிரிக்கு மட்டுமே பயன்படும்: வெறும் மணலுக்கு 0.025 அளவில் தொடங்கி, அடர்ந்த மரங்களுக்கு அதைப்போல் சில மடங்கு. வெறுமனே பள்ளத்தை நிரப்பும் வரைபடத்தில் காடு அலையைத் தடுக்காது. அங்கே நிலப்போர்வையின் வேலை, நனையும் பரப்பில் எவ்வளவு குடியிருப்பு, எவ்வளவு வயல் என்று எண்ணுவதுதான். முடிவில் 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் நின்ற எல்லையை வரைபடத்தின்மேல் போட்டுப் பாருங்கள். பொருந்தாத இடத்தில் முதலில் தோப்பையும் பாலத்தையும் சோதியுங்கள்.