கார்ன் ஸ்நேக், சாண்ட் போவா, ஹாக்னோஸ்: முதல் பாம்பாக எதை வாங்கலாம்?

சின்னப் பாம்பென்றால் வளர்ப்பதும் சுலபம் என்ற கணக்கோடுதான் பலரும் தேட ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஆண் ஹாக்னோஸும் ஆண் கென்ய சாண்ட் போவாவும் முந்திக்கொள்ளும். இரண்டுமே ஒன்றரை அடியைத் தாண்டுவது அபூர்வம். நாலைந்து அடி வளரும் கார்ன் ஸ்நேக் கடைசிக்குப் போய்விடும். ஆனால் புதிதாக வளர்ப்பவரைத் திணற வைப்பது பாம்பின் நீளமல்ல, அது இரை எடுக்க மறுப்பதுதான். அதை அளவுகோலாக வைத்தால் கார்ன் ஸ்நேக்தான் முதலில்.

கார்ன் ஸ்நேக் குட்டி, உறையவைத்து உருக்கிய பிங்கியை (ரோமம் முளைக்காத எலிக்குட்டி) 5–7 நாளுக்கு ஒருமுறை பெரும்பாலும் தயங்காமல் விழுங்கும். ஹாக்னோஸுக்கு வட அமெரிக்கப் புல்வெளியில் தேரை முக்கிய இரை. எலியைச் சில குட்டிகள் இரையென்றே மதிக்காது. பிங்கியின் தலையில் டப்பா சூரை மீனின் தண்ணீரைத் தடவிக் கொடுத்து, போகப்போகத் தடவுவதைக் குறைத்துப் பழக்க வேண்டும். விற்பவர் "நல்லா சாப்பிடும்" என்பது போதாது. எதுவும் தடவாத எலியைத் தொடர்ந்து ஐந்தாறு தடவை எடுத்ததற்கான தீனிக் குறிப்பைக் கேளுங்கள். முடிந்தால் கண்ணெதிரே ஒருமுறை கொடுக்கச் சொல்லுங்கள். சாண்ட் போவா இரண்டுக்கும் நடுவில். வளர்ந்த ஆண் இனப்பெருக்கக் காலத்தில் வாரக்கணக்கில் வாய் வைக்காது. சமையல் தராசில் எடை இறங்காதவரை பயமில்லை.

மூன்றுக்கும் பொதுவானது: எலியை முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்து உருக்கி, பையோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் அங்கங்கே வெந்து வயிறு வெடிக்கும். எலியின் பருமன் பாம்பின் தடித்த பகுதியைத் தாண்டக் கூடாது. தின்ற 48 மணி நேரத்துக்குள் கையில் எடுத்தால் கக்கிவிடலாம். கக்கினால் பத்து நாள் விட்டு, சின்ன இரையாகக் கொடுங்கள்.

கூண்டில் கார்ன் ஸ்நேக் இடம் கேட்கும்: 4×2 அடி, சூடான பக்கம் 29–31 டிகிரி, மறுபக்கம் 22–25. குட்டி பென்சில் பருமன்தான், கண்ணாடிக் கதவின் இடுக்கே அதற்கு வாசல்; பூட்டு கட்டாயம். சாண்ட் போவாவுக்கு 3×1.5 அடி போதும், சூடு 33–35. தவறு நடப்பது தரையில்தான். இந்தப் பாம்பு நாலு அங்குல மண்ணுக்கு அடியில், ஹீட் மேட் (கூண்டைச் சூடாக்கும் மின் விரிப்பு) ஒட்டியிருக்கும் கண்ணாடிமேலேயே போய்ப் படுக்கும். தெர்மோஸ்டாட்டின் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) சென்சாரை மண்ணின் மேல் வைத்தால் மேலே 33 காட்டும்போது கீழே 45 இருக்கலாம், வயிறு வெந்துபோகும். சென்சாரை அடிக்கண்ணாடியிலேயே ஒட்டுங்கள். புதையும் பழக்கமுள்ள ஹாக்னோஸுக்கும் இதேதான்.

வெளிநாட்டுக் கையேடுகள் குளிரைப் பற்றியே கவலைப்படும். மே மாதச் சென்னையில் பிரச்சினை நேர்மாறு: ஏசி இல்லாத அறையில் குளிர்ந்த பக்கமென்று ஒன்று இருக்காது. ஹீட் மேட்டை அணைத்தாலும் கார்ன் ஸ்நேக் தவிக்கும். சாண்ட் போவா ஓரளவு தாங்கும்.

கடியைப் பொறுத்தவரை ஹாக்னோஸுக்குப் பின்பற்களில் லேசான விஷம் உண்டு. சீறுவதும் செத்ததுபோல் மல்லாந்து கிடப்பதும் வெறும் பாவனை. ஆனால் இரையென்று நினைத்து விரலைக் கவ்வி மென்றால் கை வீங்கும், உடனே விடுவிக்க வேண்டும். எலி வாசனையுள்ள கையோடு கூண்டைத் திறக்காமலிருந்தால் பாதித் தொல்லை இல்லை.

கென்ய சாண்ட் போவா சைட்டீஸ் (வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருப்பதால், இந்தியாவில் வைத்திருப்பவர் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கார்ன் ஸ்நேக்கும் ஹாக்னோஸும் அந்தப் பட்டியலில் இல்லை; ஆனாலும் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணம் இல்லாமல் வாங்காதீர்கள். நம்மூர் மண்ணுளிப் பாம்பையே சாண்ட் போவா என்று தலையில் கட்டப் பார்ப்பவர்களிடம் உஷார்: கென்ய வகையில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் உடம்பில் கரும்பழுப்புத் திட்டுகள் இருக்கும், வளர்ந்த மண்ணுளி பெரும்பாலும் ஒரே பழுப்பு, வாலும் தலைபோலவே மழுங்கியிருக்கும். அதை வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.