மலேசியன் புல் பதித்துத் தரும் கடை: 5 புள்ளியில் விற்பனைக்கு 2, திருத்தத்துக்கு 4½

யாழ்ப்பாணத்தில் முன்வளவுக்குப் புல் பதித்துத் தருகிற பூங்கன்றுக் கடைகள் இப்போது கனக்க வந்துவிட்டன. அதில் நாங்கள் பிடித்த கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் இங்கே போடவில்லை, வேண்டியவர்கள் என்னிடம் தனியாகக் கேளுங்கள்.

புல் ஆசை கனடாவில் இருக்கிற அண்ணாவுடையது. ஆடி விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகள் உருண்டு விளையாடப் பச்சையாக இருக்க வேணுமாம். அம்மாவுக்குத் துளியும் விருப்பமில்லை. முற்றத்தில் புல் நின்றால் அந்த வீட்டில் கூட்ட ஆளில்லை என்று ஊர் கதைத்த காலத்து மனுசி அவ. "காசு குடுத்துப் புல்லு வாங்கிற விசர் எங்கையும் உண்டே?" என்று லொறி வந்து நின்ற அன்றும் கேட்டுக்கொண்டுதான் நின்றா.

முதலில் நல்லதைச் சொல்லுகிறேன். நிலம் பண்படுத்தின விதத்தில் ஒரு குறையும் இல்லை. அரை அடிக்குக் கொத்தி, செம்மண்ணுக்குள் கிடந்த சுண்ணாம்புக் கற்களைப் பொறுக்கி, பழைய மாட்டெரு கலந்து, நீட்டுப் பலகையால் இழுத்து மட்டம் பார்த்தார்கள். தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் படலைப் பக்கம் வடிகிற மாதிரிச் சரிவும் விட்டார்கள். புல் துண்டுகளைச் செங்கல் கட்டுகிற மாதிரி மூட்டு மாற்றி அடுக்கி, இடைவெளிக்கு மணல் தூவி, உருளை போட்டு உருட்டினார்கள். வேர் மண்ணோடு ஒட்ட வேண்டும் என்றால் இந்த உருட்டல் தவிர்க்க முடியாதது. சில கடைகள் இதைச் செய்யாமலே காசு வாங்குவதைக் கண்டிருக்கிறேன்.

பிழை புல்லில்தான். துண்டுகள் தெற்கிலிருந்து இரவிரவாகத் தறப்பாளுக்குக் கீழே வந்தவை. வெட்டின புல்லை அடுக்கி வைத்தால் உள்ளுக்குள் சூடேறும். அடுக்கின் நடுவில் இருந்தவற்றைத் தூக்கினபோது கையில் வெக்கை அடித்தது, அடிப்பக்கம் மஞ்சள். "தண்ணி விட்டால் எழும்பீடும் அக்கா" என்றார் கடைக்காரர். பாதி எழும்பவில்லை. துண்டோடு கோரைக்கிழங்கும் இலவசமாக வந்தது. கோரையை மேலால் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் நின்று திரும்ப முளைக்கும், ஈர மண்ணில் கம்பி விட்டுக் கிழங்கோடு கிளப்ப வேண்டும். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

மலேசியன் புல்லே எங்கள் ஊருக்கு அரைகுறைப் பொருத்தம்தான். அகன்ற இலை, படத்துக்கு அழகு, மர நிழலிலும் பிடிக்கும். ஆனால் அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும், சற்றுப் புளிப்பான, அதாவது அமிலத்தன்மை உள்ள மண் வேண்டும். நாங்கள் இருப்பதோ சுண்ணாம்புப் பாறைக்கு மேலே. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் தை தொடக்கம் புரட்டாசி வரை புல்லுக்கும் விட வேண்டியிருக்கிறது. கடைக்காரர் இதை விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மஞ்சளித்துப் போனதும் யூரியா போடச் சொன்னார். போட்டோம், மஞ்சள் அப்படியே நின்றது.

அதுக்குப் பிறகுதான் அந்தக் கடையின் திருத்த வேலைக்கார ஐயா வந்தார். அவருக்காகத்தான் இந்த விமர்சனமே. வந்ததும் ஒரு இலையைக் கிள்ளி வெயிலுக்கு நேரே பிடித்தார். நரம்பு பச்சை, நரம்புக்கு இடையில் மஞ்சள். "பழைய இலை மஞ்சளிச்சால் யூரியா கேக்குது. இது குருத்து மஞ்சள் பிள்ளை, இரும்பு காணாது." இரும்பு மண்ணில் இல்லாமலில்லை, சுண்ணாம்பு அதிகமான மண்ணில் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. அதனால் மண்ணில் கொட்டாமல் இலையில் அடிக்க வேண்டும் என்றார். லீற்றருக்கு 5 கிராம் அன்னபேதி என்கிற இரும்பு உப்பைக் கரைத்து, ஒரு தேசிக்காயும் பிழிந்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு விசிறினார். விசிற முதல் சீமெந்துப் பாதையைச் சாக்கால் மூடினார், பட்டால் துருக்கறை போகாதாம். புதுக் குருத்துகள் பச்சையாகவே வந்தன. இடைக்கிடை திரும்ப அடிக்க வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

மோட்டார் சைக்கிள் ஏறி இறங்கி மொட்டையான படலையடிக்கு அவர் மலேசியன் புல்லே வைக்கவில்லை. நாள் முழுக்க வெயில் விழுகிற இடத்துக்கு அறுகுதான் என்றார். தோட்டக்காரர் கண்டால் மண்வெட்டி தூக்குகிற அதே அறுகு. காய்ந்த வெயிலில் பழுத்தாலும் மண்ணுக்குள் ஓடுகிற தண்டு சாகாது, மழைக்குத் திரும்ப வரும். உவர்த் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். செத்த பகுதியைச் சதுரமாக வெட்டி எடுத்து, இறுகின மண்ணைக் கிளறி, மூன்று கணு உள்ள கொடித் துண்டுகளை அரை அடிக்கு ஒன்றாகப் புதைத்தார். நுனி மட்டும் வெளியே. காலால் மிதித்து இறுக்கி, வேர் பிடிக்கும் வரை காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், அதற்குப் பிறகு நாள் விட்டு ஆழமாக என்று கணக்கும் சொன்னார். இப்போது அந்தத் துண்டுதான் வளவிலேயே திறமான இடம். கறுத்தக்கொழும்பான் மாமர நிழலில் அறுகு வராது, அங்கே மலேசியன் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். அம்மாவும் வாய் மூடிவிட்டா. பிள்ளையாருக்கு அறுகு பிடுங்க இனி வேலியடிக்குப் போகத் தேவையில்லையே.

கடை அனுப்புகிற வெட்டு மெசின் பையனுக்கு மாத்திரம் புள்ளி கிடையாது. அலகு மொட்டை, வெட்டின நுனியெல்லாம் கிழிந்து வெளுத்துப் போச்சு. உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது என்று நான் நின்று சொல்ல வேண்டியிருந்தது.

விலையைப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள், லொறிக்கூலியோடு அதுவும் மாறுகிறது. புல் வாங்குவதென்றால் வெட்டின நாளைக் கேளுங்கள், அடுக்கின் நடுவில் கை வைத்துப் பாருங்கள். ஐயாவைக் கூப்பிடுவதென்றால் மார்கழி மழை விட்டதும் தைக்குள் கூப்பிடுங்கள். அடைமழையில் நட்ட கொடி வெள்ளத்தோடு போய்விடும். காலமை எட்டு மணிக்கு முதல் எடுத்தால்தான் போனில் கிடைப்பார். நல்லூர்த் திருவிழா நாட்களில் எடுக்கவே வேண்டாம், 25 நாளும் வேலைக்கு வரமாட்டார்.