சொந்த என்ஜினா, புதுப்பேட்டை என்ஜினா?

வியாசர்பாடிப் பட்டறையில் எங்கள் மாருதி எஸ்டீமின் 1298 சிசி என்ஜின் பிரிந்து கிடக்கிறது. நீண்ட நேரப் பந்தயத்துக்கு இதையே சீரமைப்பதா, புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய என்ஜின் ஒன்றை வாங்குவதா?

வாங்கினால் செலவு குறைவு, வண்டியும் சீக்கிரம் ஓடும். ஆனால் உள்ளே எது தேய்ந்திருக்கிறதோ, பிரித்தால்தான் தெரியும்.

எங்களுடையதில் நோய் கண்ணுக்குத் தெரிகிறது. பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு கிராங்க்; அதைத் தாங்கும் பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் எட்டிப் பார்க்கிறது. கிராங்கில் நகத்தை ஓட்டினால் கீறலில் மாட்டுகிறது. கிராங்கைக் கிரைண்டிங் செய்து, அதாவது கீறல் போகத் தேய்த்து, அது மெலிந்த அளவுக்குத் தடித்த பேரிங் போட வேண்டும். சிலிண்டரை உள்ளே குடைந்து அகலமாக்கப் போரிங், அதற்கேற்ற பெரிய பிஸ்டன். பணம் கரையும்தான். ஆனால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் மணிக்கணக்கில் விரட்டும்போது ஆயில் சூடேறி மெலியும். அப்போது பேரிங்தான் அடிவாங்கும்.

நான் இதையே சீரமைப்பேன். பெயின்ட்டுக்கு வைத்த பணமும் கிராங்குக்கே போகட்டும்.