நோட்டு அடித்த அச்சகத்தின் வாசிலிசா

சிவகாசியில் முப்பது வருடம் ஆஃப்செட் மிஷின் ஓட்டியவன் நான். எந்தப் படப் புத்தகம் கைக்கு வந்தாலும் கதைக்கு முன்னால் ரிஜிஸ்டரைத்தான் பார்ப்பேன். ஒரு கலர் இன்னொன்றின் மேல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிந்தால்தான் மனசு கதைக்குள் போகும்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவம் படிக்கும் அக்கா மகள், லிதெய்னி சாலையில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து 'அழகி வாசிலிசா' என்ற ரஷ்ய நாட்டுக் கதைப் படப் புத்தகத்தை வாங்கி வந்தாள். "பேரைப் பார்த்ததும் உங்க ஞாபகம் வந்துச்சு மாமா" என்று அவள் காட்டியது, அச்சிட்டவர் பெயரை: கோஸ்னாக். ரஷ்யாவின் ரூபிள் நோட்டை அடிக்கிற அச்சகம்!

படங்கள் ரஷ்ய ஓவியர் இவான் பிலிபின் வரைந்தவை. 1899இல் த்வேர் பகுதியின் ஒரு கிராமத்தில் தங்கியபோது நாட்டுக் கதைகளுக்கு வரைய ஆரம்பித்தார். அரசு நோட்டுகளையும் பத்திரங்களையும் அச்சிட்ட அச்சகமே அந்தக் கதைகளை வரிசையாக வெளியிட்டது. வாசிலிசா 1902இல் வந்தது. அந்த அச்சகம்தான் புரட்சிக்குப் பிறகு, 1919இல், கோஸ்னாக் ஆனது. என் கையில் இருப்பது சோவியத் காலத்து மறுபதிப்பு. முதல் பதிப்பு நம்மைப் போன்றவர்கள் கைக்கு எட்டாது.

மெல்லிய புத்தகம்தான், ஆனால் விரித்தால் மடி நிறைகிறது. லூப்பை, அதாவது அச்சுப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தேன். பிலிபின் முதலில் கருப்பு மசியில் எல்லைக்கோட்டை இழுத்துவிடுவார். தூரிகை நுனியைச் சாய்வாக வெட்டிவைத்துக்கொண்டு இழுப்பாராம். கை நடுங்காத அந்தக் கோட்டுக்காக நண்பர்கள் அவரை 'இரும்புக்கை இவான்' என்று கூப்பிட்டார்கள். கோட்டுக்குள் தட்டையான நிறம், அவ்வளவுதான். இந்த மாதிரிப் படத்தை அச்சிடுவது லேசு என்று தோன்றும். இல்லை. நிழலும் மங்கலும் இருக்கிற படத்தில் சிறு விலகல் மறைந்துவிடும்; இதில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பச்சை கோட்டுக்கு வெளியே வழிந்து நிற்கும். என் பிரதியில் அப்படி ஓர் இடம்கூட இல்லை.

கதையைப் பாதி ராத்திரி வரை அக்கா மகள் ரஷ்ய மொழியில் படித்துச் சொன்னாள். சாகும்போது தாய் கொடுத்த பொம்மை, விளக்கேற்ற நெருப்பு வாங்கி வா என்று காட்டுக்கு விரட்டும் சின்னம்மா மகள்கள், கோழிக்கால் வீட்டில் சூனியக்காரி பாபா யாகா. உரலில் ஏறி, உலக்கையால் உந்திப் பறந்து, போன தடத்தைத் துடைப்பத்தால் அழிக்கிற கிழவி. கசகசாவிலிருந்து மண்ணைப் பொறுக்கி எடுக்கச் சொல்கிறாள். என் மனைவி, "பாவம் அந்தப் பிள்ளை" என்றாள். கசகசாவில் மண் பொறுக்கிப் பார்த்தவளுக்குத்தான் அது தெரியும்.

மூன்று குதிரைவீரர்கள் தனித்தனிப் படமாக வருகிறார்கள். வெள்ளை வீரன் பகல், சிவப்பு வீரன் சூரியன், கருப்பு வீரன் இரவு. சிவப்பு வீரன் பக்கத்தில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். காலண்டருக்குச் சிவப்பு அடித்தே காலம் போனவன் நான்; அந்தச் சிவப்பு கூச்சலிடாமல் எரிகிறது. அப்புறம், மண்டையோட்டைக் கம்பில் குத்தி விளக்காகப் பிடித்துக்கொண்டு வாசிலிசா நிற்கும் படம். பின்னால் இருட்டுக் காடு. சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள், அதை மறைக்க வேண்டாம். ஆறு வயதுப் பேரன் அந்தப் பக்கத்தை மூடச் சொன்னான். மறுநாள் காலையில் அவனே வந்து திறக்கச் சொன்னான்.

குறை என்றால், எழுத்து நெருக்கமாக ஓடுகிறது. படத்துக்காகக் காத்திருக்கும் பிள்ளைக்குப் பொறுமை போய்விடும். பிரதியின் பின்கள் துருப்பிடித்திருக்கின்றன. கடைசிப் பக்கத்தில் யாரோ ஒரு ரஷ்யக் குழந்தை நீலப் பேனாவில் கிறுக்கியிருக்கிறது. சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துக் கேட்பார்கள், எனக்கு அந்தக் கிறுக்கல் பிடித்திருக்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: இதே படங்களைப் போட்ட வேறொரு மலிவுப் பதிப்பை முன்பு தபாலில் வாங்கி ஏமாந்தேன். ஸ்கேன் செய்து சுருக்கியதில் கருப்புக் கோடு பழுப்பாகிப் போயிருந்தது. பிலிபினுக்குக் கோடு போனால் எல்லாம் போச்சு. ஆகவே அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே ஒரு பக்கத்தை நெருக்கமாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, கோடு கருப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பிலிபின் 1942இல், முற்றுகையிடப்பட்ட லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) இறந்தார். அவர் 1917இல் வரைந்த இரட்டைத் தலைக் கழுகு பின்னாளில் ரஷ்ய மத்திய வங்கியின் சின்னமாகி, ரூபிள் நாணயங்களிலும் ஏறியது. அக்கா மகளின் பர்ஸில் அப்படி ஒரு பழைய நாணயம் இருந்தது. கேட்டு வாங்கி, புத்தகத்தோடு ஒரே உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.