ஃபேர்-ரைட் 31 மிக்ஸ் வளையம்: கொடுத்த காசுக்குத் தகுமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் ஒரு ஹாம், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவன். என் இன்வெர்டட் வீ (தலைகீழ் V வடிவ) ஆன்டெனாவுக்கு நேர் கீழே மூன்று குடும்பங்களின் எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், வைஃபை அடாப்டர் எல்லாம் ஓடுகின்றன. 7 மெகாஹெர்ட்ஸில் யாரும் பேசாதபோதே, வெறும் இரைச்சலில் எஸ் மீட்டர் (சிக்னலின் பலத்தைக் காட்டுவது) 8-ல் நிற்கும். அதற்காக வாங்கியதுதான் ஃபேர்-ரைட் கம்பெனியின் இந்த ஃபெரைட் வளையம். ஒயரை இதில் சுற்றினால் அதன் வழியாக வரும் இரைச்சல் குறையும். 31 மிக்ஸ் என்பது ஃபெரைட் கலவையின் வகை. விட்டம் 2.4 அங்குலம், எடை நூறு கிராமுக்கு மேல். ஹாம்கள் எஃப்.டி.240-31 என்பார்கள். வாங்கும்போது 2631803802 என்ற பார்ட் நம்பரைச் சொல்லியே கேளுங்கள். 43 மிக்ஸும் இதே கருப்பு வளையம்தான், கண்ணால் பிரிக்க முடியாது.

விலை கையைக் கடிக்கும். கூரியரும் வரியும் சேர்ந்தால் ஒரு வளையத்தின் காசுக்குக் கிளிப் மாதிரி மாட்டும் ஃபெரைட் ஒரு பை நிறையக் கிடைக்கும். அதையும் ஒரு ஆன்லைன் கடையில் வாங்கியிருக்கிறேன். எந்த மிக்ஸ் என்று கேட்டதற்கு "நல்ல குவாலிட்டி சார்" என்று பதில் வந்தது! ஒயர் ஒரே ஒரு முறை உள்ளே போகும் அந்தக் கிளிப் வி.எச்.எஃப். (30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்) பக்கம் ஏதாவது செய்யலாம். 7-ல் மீட்டர் முள் அசையவில்லை.

வளையத்தின் பலமே சுற்றில்தான் இருக்கிறது. சுற்று ஏற ஏற, தடை அதன் வர்க்கத்தில் ஏறும். ஐந்து சுற்று என்றால் ஏறக்குறைய 25 மடங்கு. அதற்காக இஷ்டத்துக்குச் சுற்றக் கூடாது, சுற்றுகளுக்கு இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸ் காரியத்தைக் கெடுத்துவிடும். ஆன்டெனாவுக்குப் போகும் ஆர்.ஜி.58 கோஆக்ஸ் கேபிளை 12 சுற்று சுற்றி, ஆன்டெனாவின் ஃபீட் பாயின்ட்டில் (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில்) ஒன்றைத் தொங்கவிட்டேன். கோஆக்ஸின் வெளிப்பின்னல் வழியாக வீட்டு இரைச்சல் மேலே ஏறுவதும், நாம் அனுப்பும் ஆர்.எஃப். (ரேடியோ சிக்னல்) கீழே இறங்கி வீட்டுக்குள் போவதும் இதில் ஒருசேரக் குறையும். "இன்னாப்பா, நீ பேசறது எங்க டிவி ஸ்பீக்கர்ல கொழகொழன்னு வருது" என்று எதிர்வீட்டு அக்கா அடிக்கடி மாடிப்படி ஏறி வருவார். இப்போது வருவதில்லை.

இன்னொன்றை எங்கே போடுவது என்று தெரிய, ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயினை அணைத்தேன். இரைச்சல் சட்டென்று இறங்கியது. அப்படியென்றால் திருடன் வீட்டுக்குள்தான். மெயின் பெட்டியில் ஒவ்வொரு எம்.சி.பி. (பிரேக்கர்) சுவிட்சாகப் போட்டுப் பார்த்ததில் இரண்டு பேர் மாட்டினார்கள்: வைஃபை ரவுட்டரின் அடாப்டர், மாடிப்படி எல்.இ.டி. பல்பு. அடாப்டரின் மெல்லிய ஒயரை, அடாப்டரை ஒட்டியே வளையத்தில் சுற்றினேன். பல்புக்கு வளையம் தண்டம். கழற்றிப் போட்டுவிட்டு வேறு பல்பு மாட்டினேன்.

இப்போது மீட்டர் 4-ல் நிற்கிறது. ஒரு எஸ் யூனிட் 6 டெசிபல் என்பதால் இது 24 டெசிபல் இறக்கம். முன்பு இரைச்சலில் முங்கிப்போன விசாகப்பட்டினத்துக்காரர் குரல் இப்போது தெளிவாகக் கேட்கிறது. ஆனால் கொருக்குப்பேட்டை ரயில் பாதைப் பக்கமிருந்து காற்றில் வரும் சடசடப்பு அப்படியே இருக்கிறது. ஆன்டெனா நேராக வாங்கும் இரைச்சலை எந்த வளையமும் தடுக்காது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

இன்னும் சில விஷயங்கள். ஃபெரைட் பீங்கான் ஜாதி, தரையில் விழுந்தால் உடையும். சாக்கு விரித்து உட்கார்ந்து சுற்றுங்கள். நம் பக்கம் உப்புக்காற்று என்பதால் மாடியில் தொங்குவதை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தண்ணீர் வடிய அடியில் ஒரு ஓட்டை விடுங்கள். ஆர்.ஜி.213 மாதிரி தடித்த கேபிளை இதில் இத்தனை சுற்று சுற்ற முடியாது.

அடுத்தது இன்வெர்ட்டருக்கு ஒன்று வேண்டும். ஆனால் அந்த பேட்டரி ஒயரின் தடிமனுக்கு மூன்று நான்கு சுற்றிலேயே ஓட்டை அடைத்துக்கொள்ளும். ஒற்றை வளையத்துக்குக் காசு போடுவதா, இரண்டை அடுக்கிச் சுற்றுவதா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.